சதுர அலையில் வரக்கூடாத கோடு

செவ்வகத் துடிப்புகளை உண்டாக்கி அவற்றின் அதிர்வெண் நிறமாலையை, அதாவது ஓர் அலையில் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு வலுவோடு உள்ளன என்று கோடுகளாகக் காட்டும் படத்தைப் பார்ப்பது தொடர்பாக வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கோடு திரையில் தெரிகிறதே, அதை என்ன செய்வது என்பதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றின் தவிப்பு. அந்தத் தவிப்பு நல்லது என்பதால் முதல் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 555 டைமர் ஐ.சி.யைக் கொண்டு சதுர அலை உண்டாக்கும் மின்சுற்றை பிரெட்போர்டில் அமைத்தேன். மேல் மின்தடை 1 கிலோ ஓம், கீழ் மின்தடை 10 கிலோ ஓம், மின்தேக்கி 0.1 மைக்ரோஃபாரட். டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்பில் எஃப்.எஃப்.டி. (அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டுப் பார்த்தபோது 690 ஹெர்ட்ஸ் அருகே பெரிய கோடும் அதன் மூன்று, ஐந்து, ஏழு மடங்குகளில் கோடுகளும் எதிர்பார்த்தபடியே வந்தன. ஆனால் இரண்டு மடங்கிலும் சிறிய கோடு ஒன்று நிற்கிறது. சதுர அலையில் ஒற்றைப்படைச் சீரிசைகள் (அடிப்படை அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகள்) மட்டுமே உண்டு என்றுதான் படித்திருக்கிறோம். ஆய்வகத்தில் கேட்டால் "அது நாய்ஸ், விட்டுவிடு" என்கிறார்கள். விட்டுவிடலாமா? (பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி)

பதில்: விட்டுவிட வேண்டாம். நாய்ஸ் என்பது ஓரிடத்தில் நிலையாக நிற்காது. அதிலும் அடிப்படை அதிர்வெண்ணின் சரியாக இரண்டு மடங்கில் வந்து நிற்காது. நீங்கள் பார்த்தது உங்கள் மின்சுற்று தன்னைப் பற்றிச் சொல்லும் உண்மையான செய்தி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 555 ஐ.சி.யில் மின்தேக்கி நிரம்பும்போது மின்னோட்டம் இரண்டு மின்தடைகள் வழியாகவும் செல்கிறது. வடியும்போது கீழ் மின்தடை வழியாக மட்டும் செல்கிறது. ஆகவே வெளியீடு உயர்நிலையில் இருக்கும் நேரம் 0.693 பெருக்கல் 11 கிலோ ஓம் பெருக்கல் 0.1 மைக்ரோஃபாரட், அதாவது சுமார் 762 மைக்ரோ விநாடி. தாழ்நிலையில் இருக்கும் நேரம் 693 மைக்ரோ விநாடி. இரண்டையும் கூட்டினால் அலைவுக்காலம் 1455 மைக்ரோ விநாடி, அதிர்வெண் 687 ஹெர்ட்ஸ். உயர்நிலை நேரத்தை அலைவுக்காலத்தால் வகுத்தால் டியூட்டி சைக்கிள் 52.4 விழுக்காடு வருகிறது. கண்ணுக்குச் சதுர அலை போலத் தெரிந்தாலும் இது சதுர அலை ஆகாது. சற்றே அகலமான செவ்வகத் துடிப்புகளின் வரிசைதான்.

இரட்டைப்படைச் சீரிசை சதுர அலையில் ஏன் இல்லை என்பதைச் சூத்திரம் இல்லாமலேயே புரிந்துகொள்ளலாம். சரியான சதுர அலையில் மாறாத சராசரி மின்னழுத்தத்தை (டி.சி. பகுதியை) நீக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டாம் அரை அலைவு முதல் அரை அலைவின் தலைகீழ் வடிவம். அரை அலைவுக்காலம் நகர்த்தினால் அலை அப்படியே குறி மாறிவிடும். ஆனால் இரண்டு, நான்கு, ஆறு மடங்கு அதிர்வெண்ணுள்ள சைன் அலைகள் அந்த அரை அலைவுக்காலத்திற்குள் முழு அலைவுகளை முடித்துவிடுவதால், நகர்த்தினாலும் குறி மாறாமல் பழையபடியே நிற்கும். குறி மாறியாக வேண்டிய அலைக்குள் குறி மாறாத பங்குக்கு இடமில்லை; அதனால் அதன் அளவு சுழி. டியூட்டி சைக்கிள் 50 விழுக்காட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும் இந்தச் சமச்சீர் உடைந்துபோகிறது, இரட்டைப்படைக் கோடுகள் உடனே தலைகாட்டுகின்றன.

எவ்வளவு என்பதற்கு அழகான ஓர் எளிய உறவு உண்டு. இரண்டாம் சீரிசையின் வீச்சை முதல் சீரிசையின் வீச்சால் வகுத்தால் கிடைப்பது, டியூட்டி சைக்கிளை 180 பாகையால் பெருக்கி வரும் கோணத்தின் கொசைன் மதிப்பு. குறியைக் கணக்கில் கொள்ள வேண்டாம். உங்கள் மின்சுற்றுக்கு அந்தக் கோணம் 94.3 பாகை, கொசைன் 0.075. வீச்சுகளை ஒப்பிடும் மடக்கை அளவான டெசிபெல் கணக்கில் அடிப்படைக் கோட்டுக்கு 22.5 டெசிபெல் கீழே. இதே திரையில் ஒன்பதாம், பதினோராம் சீரிசைகளைத் தேடிப் பாருங்கள். அவ்விரண்டின் உயரங்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில்தான் இரண்டாம் கோடு நிற்க வேண்டும். நின்றால், நீங்கள் ஒரு ஸ்டாப்வாட்சும் இல்லாமல் துடிப்பின் அகலத்தை நிறமாலையிலிருந்தே அளந்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஒரு சோதனையும் செய்யலாம். மின்தேக்கியை மட்டும் மாற்றுங்கள். அதிர்வெண் மாறும், ஆனால் இரண்டாம் கோட்டின் ஒப்பு உயரம் மாறாது, ஏனெனில் மின்தேக்கி இரு நேரங்களையும் ஒரே விகிதத்தில்தான் நீட்டுகிறது. பிறகு மேல் மின்தடையை 4.7 கிலோ ஓம் ஆக்குங்கள். இரண்டாம் கோடு கண்கூடாக எழும்பும். எதிர்த்திசையில் போய், மேல் மின்தடையை மிகவும் குறைத்து 50 விழுக்காட்டை எட்டலாம் என்று மட்டும் முயல வேண்டாம். ஏழாம் முனையிலுள்ள டிரான்சிஸ்டர் கடத்தும்போது மின்வழங்கியின் மின்னழுத்தம் முழுவதும் அந்த மேல் மின்தடையின் மீதுதான் விழுகிறது. அதைச் சில பத்து ஓம்களாக்கினால் ஐ.சி. சூடேறிக் கெட்டுப்போகும்.

உண்மையான சதுர அலை வேண்டுமென்றால், 555 ஐ.சி.யை வேண்டிய அதிர்வெண்ணின் இரு மடங்கில் ஓடவிட்டு, அதன் வெளியீட்டை 7474 போன்ற ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பின் கிளாக் முனையில் கொடுத்து, இரண்டால் வகுத்து எடுங்கள். ஃபிளிப்-ஃபிளாப் ஒவ்வொரு ஏறும் விளிம்பிலும் ஒருமுறை மட்டுமே நிலை மாறுவதால், உள்ளே வருவதன் டியூட்டி சைக்கிள் என்னவாக இருந்தாலும் வெளியே வருவது பாதிக்குப் பாதி. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட இந்தச் சிறிய ஐ.சி. அரை நூற்றாண்டு கடந்தும் ஆய்வகத்தில் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் எளிமை; இந்த இரண்டு விழுக்காடு விலகல் அந்த எளிமைக்கு நாம் கொடுக்கும் விலை. ஃபிளிப்-ஃபிளாப்பை இணைத்ததும் இரண்டாம் கோடு திரையில் அமிழ்ந்துபோவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அதைப் பார்த்த மாணவருக்கு, திரும்பத் திரும்ப வரும் அலையைச் சைன் அலைகளின் கூட்டாக எழுதும் ஃபூரியர் தொடர் பிறகு ஒருநாளும் மறக்காது.

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஒன்பதாம் முனையில் அனலாக்ரைட் கட்டளைக்கு 64 என்ற எண்ணைக் கொடுத்து 25 விழுக்காடு டியூட்டி சைக்கிள் கொண்ட பி.டபிள்யூ.எம். (துடிப்பின் அகலத்தை மாற்றக்கூடிய) அலையை எடுத்தேன். நான்காம் சீரிசை இருக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் 1960 ஹெர்ட்ஸில், திரையின் அடியை ஒட்டி, ஒரு சிறு முளை தெரிந்தது. மாணவர்கள் முன் சங்கடமாகிவிட்டது. (இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் சொன்ன கோட்பாடு சரி, ஐயா, 64 என்ற எண்தான் 25 விழுக்காடு இல்லை.

முதலில் கோட்பாடு. துடிப்பின் அகலம் அலைவுக்காலத்தில் நான்கில் ஒரு பங்கு என்றால், நான்காம் சீரிசையின் சைன் அலை அந்தத் துடிப்பு நீடிக்கும் நேரத்துக்குள் சரியாக ஒரு முழு அலைவை முடிக்கிறது. மேட்டின் பரப்பும் பள்ளத்தின் பரப்பும் ஒன்றையொன்று நீக்கிவிட, மிச்சம் சுழி. எட்டாம், பன்னிரண்டாம் சீரிசைகளுக்கும் அப்படியே. பொதுவாகச் சொன்னால், துடிப்பின் அகலத்தின் தலைகீழ் மதிப்பு எந்த அதிர்வெண்ணோ, அதிலும் அதன் மடங்குகளிலும் நிறமாலை சுழியைத் தொடுகிறது. கோடுகளுக்கு இடையிலான இடைவெளியை அலைவுக்காலம் தீர்மானிக்கிறது. சுழிகள் எங்கே விழும் என்பதைத் துடிப்பின் அகலம் தீர்மானிக்கிறது. வேறொன்றையும் மாணவர்களுக்குக் காட்டலாம்: 25 விழுக்காட்டில் ஆறாம் கோடு ஐந்தாம் கோட்டைவிட உயரமாக இருக்கும், முதல் கோட்டுக்கு ஐந்தாவது 14 டெசிபெல் கீழே என்றால் ஆறாவது 12.6 டெசிபெல்தான் கீழே. சீரிசைகள் ஒன்றுக்கொன்று படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இப்போது பலகைக்கு வருவோம். ஒன்பதாம் முனையை இயக்கும் டைமர் 0விலிருந்து 255 வரை ஏறி, மீண்டும் 0 வரை இறங்குகிறது. ஓர் அலைவுக்கு 510 எண்ணிக்கை. 64 கொடுத்தால் அதில் 128 எண்ணிக்கை நேரம் வெளியீடு உயர்நிலையில் இருக்கும். 128ஐ 510ஆல் வகுத்தால் 25.098 விழுக்காடு. இந்தப் பத்தாயிரத்தில் பத்துப் பங்கு விலகல் போதும், நான்காம் சீரிசை முதல் சீரிசைக்கு 47 டெசிபெல் கீழே, அதாவது ஏறத்தாழ 230இல் ஒரு பங்கு வீச்சுடன் எட்டிப் பார்ப்பதற்கு. நீங்கள் கண்ட முளை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்தாம் அல்லது ஆறாம் முனைக்கு மாறி, 63 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அந்த முனைகளின் டைமர் 256 எண்ணிக்கை ஏறி, சட்டென்று சுழிக்குத் திரும்பும் வகை. கொடுத்த எண்ணோடு ஒன்று கூடுதலான எண்ணிக்கைக்கு வெளியீடு உயர்நிலையில் இருக்கும். 64ஐ 256ஆல் வகுத்தால் சரியாகக் கால் பங்கு. அடிப்படை அதிர்வெண் அங்கே சுமார் 977 ஹெர்ட்ஸ் என்பதால் நான்காம் கோட்டை 3906 ஹெர்ட்ஸ் அருகே தேட வேண்டும். இரண்டு முனைகளின் நிறமாலையையும் அடுத்தடுத்துக் காட்டினால், சங்கடமாகத் தோன்றிய அதே முளை வகுப்பின் மிகச் சிறந்த பாடமாகிவிடும்.

கேள்வி: என்னிடம் ஆசிலோஸ்கோப் இல்லை. கணினியின் ஒலி உள்ளீட்டில் கொடுத்துப் பார்க்கலாமா? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: லைன் இன் எனப்படும் உள்ளீடு இருந்தால் தாராளமாகப் பார்க்கலாம். 5 வோல்ட் துடிப்பை நேரடியாகக் கொடுக்காதீர்கள். 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் மின்தடைகளால் பிரித்து 50 மில்லி வோல்ட் அளவுக்குக் குறைத்துக் கொடுங்கள். அந்த உள்ளீட்டில் தொடராக ஒரு மின்தேக்கி இருப்பதால் டி.சி. பகுதி உள்ளே வராது. குறைந்த அதிர்வெண் துடிப்புகளின் தட்டையான உச்சி சரிந்து தெரியும். மேலே 20 கிலோஹெர்ட்ஸோடு காட்சி முடிந்துவிடும். ஒரு கிலோஹெர்ட்ஸ் துடிப்பின் முதல் பத்தொன்பது சீரிசைகளைப் பார்க்க அது போதும்.

கேள்வி: கருவி எதுவும் இல்லாமல், நிரலிலேயே 1000 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒன்றை உண்டாக்கினேன். நொடிக்கு 44100 மாதிரிகள். சைன் மதிப்பு நேர்க்குறியானால் 1, எதிர்க்குறியானால் கழித்தல் 1. அதில் 4096 மாதிரிகளை எடுத்து எஃப்.எஃப்.டி. செய்தால், கோடுகளுக்கு அடியில் புல்வெளி போல ஏதோ பரவிக் கிடக்கிறது. 900 ஹெர்ட்ஸிலும் 1100 ஹெர்ட்ஸிலும்கூட ஏதோ தெரிகிறது. நிரலில் பிழையா? (மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்)

பதில்: நிரலில் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் இரண்டு தனித்தனி விளைவுகள் உங்கள் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புல்வெளிக்குப் பெரும் காரணம் 4096 என்ற எண். 44100 மாதிரிகளில் 1000 அலைவுகள் என்றால், 4096 மாதிரிகளில் 92.88 அலைவுகள். எஃப்.எஃப்.டி. கணக்கு, நீங்கள் கொடுத்த துண்டு முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவதாகவே கொள்கிறது. முழு அலைவில் முடியாத துண்டின் வால் அடுத்த துண்டின் தலையோடு பொருந்தாததால், ஒவ்வொரு கோடும் தன் இருபுறமும் கசிகிறது. அந்தக் கசிவின் வடிவம் என்ன தெரியுமா? அலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பது என்பது, முடிவில்லாத அலையை ஒற்றைச் செவ்வகத் துடிப்பால் பெருக்குவதற்குச் சமம். எனவே கசிவாகத் தெரிவது அந்தச் செவ்வகத்தின் சொந்த நிறமாலைதான். அதன் முதல் பக்க மேடு 13 டெசிபெல்தான் கீழே இருக்கும். செவ்வகத்தின் நிறமாலையைக் காணச் சென்ற இடத்தில், நாம் பார்க்கப் பயன்படுத்திய சாளரமும் செவ்வகமாக இருந்து தன் நிறமாலையையும் சேர்த்துக் காட்டுகிறது. இதை நான் முதலில் உணர்ந்தபோது அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

தீர்வு எளிது. 4096ஐ விட்டுவிட்டு 4410 மாதிரிகளை எடுங்கள். சரியாக 100 அலைவுகள் அடங்கும், கசிவு மறையும். கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு முறையை இரண்டின் அடுக்குகளுக்கு மட்டுமே பழகியவர்கள் தயங்குவார்கள். இன்றைய நிரல் நூலகங்கள் எந்த நீளத்தையும் ஏற்கும். அதிர்வெண் முன்கூட்டித் தெரியாத அளவீடுகளில் இந்த வழி இல்லை. அங்கே ஓரங்களை மெல்லத் தணிக்கும் ஹான் சாளரம் உதவும், ஆனால் கோடுகள் சற்றே தடிக்கும்.

கசிவை நீக்கிய பிறகும் 900, 1100 ஹெர்ட்ஸ் கோடுகள் நிற்கும். இன்னும் தெளிவாகவே நிற்கும். அவை இரண்டாவது விளைவு. சதுர அலையின் சீரிசைகளுக்கு முடிவு இல்லை. உங்கள் மாதிரியெடுப்போ 22050 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அறியும். அதற்கு மேலுள்ளவை காணாமல் போவதில்லை, மடிந்து கீழே விழுகின்றன. 43ஆம் சீரிசை 43000 ஹெர்ட்ஸ். 44100இலிருந்து கழித்தால் 1100. 45ஆம் சீரிசை 45000 ஹெர்ட்ஸ், மடிந்தால் 900. இரண்டும் அடிப்படைக்கு ஏறத்தாழ 33 டெசிபெல் கீழே இருக்கும், ஏனெனில் அவற்றின் வீச்சு முறையே 43இல் ஒரு பங்கும் 45இல் ஒரு பங்கும். அந்த இரு கோடுகளின் உயரத்தை அளந்து சரிபாருங்கள். ஒலிபெருக்கியில் கேட்டால், சதுர அலையின் கூர்மையான ஓசைக்கு அடியில் ஒட்டாத ஒரு கரகரப்பாக இவை காதில் விழும்.

மடிப்பைத் தவிர்க்க, 1, 3, 5 எனத் தொடங்கி 21 வரையுள்ள பதினொரு சைன் அலைகளை, ஒவ்வொன்றையும் அதன் எண்ணால் வகுத்துக் கூட்டி, அலையை உண்டாக்குங்கள். நிறமாலை துப்புரவாகிவிடும். ஆனால் வடிவத்தைப் பார்த்தால் விளிம்புகளின் அருகே காது போன்ற மேடுகள் எழுந்திருக்கும். தாவலின் உயரத்தில் சுமார் 9 விழுக்காடு. மேலும் எத்தனை சீரிசைகளைச் சேர்த்தாலும் அந்த மேடு விளிம்பை நோக்கி ஒடுங்குமே தவிர உயரம் குறையாது. ஹென்றி வில்பிரகாம் 1848இலேயே இதைக் கண்டு எழுதினார். அது கவனிக்கப்படாமல் போயிற்று. 1898இல் ஆல்பர்ட் மைக்கெல்சன் 80 சீரிசைகளைக் கூட்டும் இயந்திரம் ஒன்றைப் பற்றி எழுதினார். அதையொட்டி எழுந்த விவாதத்தில் 1899இல் வில்லார்ட் கிப்ஸ் தெளிவான விளக்கம் தந்ததால், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. உங்கள் படத்தில் அந்தக் காதுகளைக் கண்டால் திருத்த முயல வேண்டாம்; எல்லைக்குட்பட்ட பட்டை அகலத்தில் சதுர அலை அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: வீட்டில் எல்.இ.டி. விளக்கைப் போட்டாலோ சில சார்ஜர்களைச் செருகினாலோ நடுத்தர அலை வானொலியில் உர்ரென்ற இரைச்சல் வருகிறது. முள்ளை நகர்த்தினால் சற்றுத் தணிந்து, மீண்டும் சீரான இடைவெளியில் வருகிறது. துடிப்புகளின் நிறமாலையோடு இதற்குத் தொடர்பு உண்டா? (வானொலி நேயர், சிதம்பரம்)

பதில்: சீரான இடைவெளியில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் வானொலிதான் இங்கே நிறமாலை காட்டும் கருவி; முள்ளை நகர்த்தி ஒவ்வொரு கோடாகத் தொட்டுச் செல்கிறீர்கள்.

சார்ஜருக்குள் ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல பத்தாயிரம் முறை திறந்து மூடி, உயர்மின்னழுத்தத்தைச் செவ்வகத் துடிப்புகளாக வெட்டுகிறது. எடுத்துக்காட்டாக அது 65 கிலோஹெர்ட்ஸ் என்று கொள்வோம். 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாகக் கோடுகள் நடுத்தர அலை முழுவதும் நிற்கும். பதினோராவது கோடு 715 கிலோஹெர்ட்ஸில் விழும். சென்னை வானொலியின் பழகிய 720 கிலோஹெர்ட்ஸுக்கு 5 கிலோஹெர்ட்ஸ்தான் தள்ளி. டியூட்டி சைக்கிள் 50 விழுக்காடு இல்லாததால் இரட்டைப்படைக் கோடுகளும் சேர்ந்தே வரும். உர்ரென்ற ஓசை எங்கிருந்து என்றால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேராக்கியபின் எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் ஒவ்வொரு கோட்டின் வீச்சையும் ஆட்டுகிறது. வீச்சுப் பண்பேற்றத்தைக் கேட்கவே படைக்கப்பட்ட வானொலி அதை அப்படியே ஒலியாக்கித் தருகிறது.

துடிப்பின் விளிம்பு எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதுதான் அந்தக் கோடுகள் எவ்வளவு தொலைவு வரை வலுவோடு செல்லும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஏறும் நேரத்தை பை என்ற எண்ணால் பெருக்கித் தலைகீழாக்கினால் ஓர் அதிர்வெண் கிடைக்கும்; அதுவரை கோடுகளின் மேல்வரம்பு பத்து மடங்குக்கு 20 டெசிபெல் வீதம் சரியும், அதைத் தாண்டினால் 40 டெசிபெல் வீதம். ஏறும் நேரம் 50 நானோ விநாடி என்றால் அந்தத் திருப்பம் 6.4 மெகாஹெர்ட்ஸில், 500 நானோ விநாடி ஆக்கினால் 640 கிலோஹெர்ட்ஸில். விளிம்பை இப்படி மந்தமாக்குவதால் சிற்றலையில், 10 மெகாஹெர்ட்ஸில், 20 டெசிபெல் ஆதாயம் கிடைக்கும். 720 கிலோஹெர்ட்ஸில் ஓரிரு டெசிபெல்தான் கிடைக்கும். மேலும் டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் அதிக நேரம் கழிப்பதால் சூடேறும். ஆகவே தயாரிப்பாளர்கள் நடுத்தர அலைக்கு வடிகட்டியைத்தான் நம்ப வேண்டும். மலிவான கருவிகளில் முதலில் கைவிடப்படுவது அந்த வடிகட்டிதான். வானொலி கேட்பவர்களுக்கு இது செய்யும் அநியாயத்தை நான் சிறியதாக எண்ணவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: முதலில் பேட்டரியில் ஓடும் சிறு வானொலியைக் கையில் எடுத்து, நிலையம் இல்லாத ஓரிடத்தில் முள்ளை வைத்து, ஒவ்வொரு சார்ஜரின் அருகிலும் கொண்டுபோய் எது அதிகம் இரைகிறது என்று பாருங்கள். அந்தச் சார்ஜரின் வயரை, செருகும் முனைக்கு அருகே, ஒரு ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். வானொலிக்குள் இருக்கும் ஃபெரைட் ஆன்டெனாவுக்குத் திசை உண்டு. வானொலிப் பெட்டியை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், இரைச்சல் சட்டென்று அமுங்கும் ஒரு கோணம் கிடைக்கும். நிலையம் வேறு திசையில் இருந்தால் அந்தக் கோணத்திலேயே வைத்துக் கேட்கலாம்.